நேர்ந்துவிட்ட கோழி

"அந்தக் கோழியை என்னைக்கு அறுக்கப் போறீங்க?"

கேட்டது யார் என்கிறீர்கள்? மளிகைக்கடை ஆதிநாத நைனார். எறும்புச் சாரை குறுக்கே போனால் தெருவையே சுற்றிக்கொண்டு நடக்கிற சமண வீட்டு மனுஷர்!

மிளகாய் வாங்க வந்திருந்த உண்ணாமலைக்கு வயிறு எரிந்தது.

"ஞாயித்துக்கிழமை. எங்க நாத்தனார் திண்டிவனத்துலேருந்து வர்றாங்க. போதுமா நைனாரே?"

"காலையிலயா, மத்தியானமா?"

"காலையில!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மிளகாய்ப் பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவருக்கும் அந்தக் கோழிக்கும் ஜென்மப் பகை. பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு ஓட்டை வேலி. அவர் காயப்போட்ட வேர்க்கடலையை அது கிளறாத நாளில்லை, அவர் கத்தாத நாளுமில்லை. அதற்காக அறுக்கிற நாளையா விசாரிப்பது? ஜீவகாருண்யமெல்லாம் சொந்தக் கடலை வரைக்கும்தான் போலிருக்கிறது.

அது உண்ணாமலை வளர்த்த கோழிகூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வல்லம் பஸ் மேலே கட்டியிருந்த யாரோ வியாபாரியின் கூடையிலிருந்து கடைத்தெருவில் விழுந்தது. ஒரு கால் முறிந்துவிட்டது. பஸ் நிற்கவில்லை. உண்ணாமலைதான் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

மூங்கில் சிம்பு வைத்து, மஞ்சள் பற்றுப் போட்டுக் காலைக் கட்டினாள். அது கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெள்ளையாய்க் கழிந்தபோது, சின்ன வெங்காயத்தை நசுக்கி வாயைத் திறந்து ஊட்டினாள். அடிக்கொரு தரம் மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இப்போது அது ஓடுகிறது. ஓடுகிற கோழியைப் பார்த்ததும் அவள் புருஷன் கந்தசாமிக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

"வேற வாங்கிக்கலாங்க. இத்த மட்டும் வுட்ருங்க" என்று கெஞ்சினாள்.

"வூட்ல கோழிய வச்சிக்கினு எவனாவது கடையில வாங்குவானா? நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

அதற்கு மேல் பேசினால், என் அக்காவுக்குக் கறி போட உனக்குக் கசக்குதா என்பான். சனிக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே கோழியைப் பிடித்து, மேலே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு காலை கத்தியோடு கொல்லைக்குப் போன கந்தசாமி, பஞ்சாரத்தைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டான்.

"உண்ணாமலை! இன்னாடி இது?"

கோழியின் காலில் மஞ்சள் துணி. அதற்குள் ஐந்து நயா பைசா முடிந்திருந்தது. முறிந்து கூடின காலை விட்டு, நல்ல காலாகப் பார்த்து, நூல் சுற்றி இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது.

காசு முடிந்த மஞ்சள் துணி என்றால் செஞ்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு யாரோ நேர்ந்துவிட்ட கோழி!

"நீ கட்னியா?"

"அம்மா சத்தியமா நான் இல்லீங்க."

அம்மன் காரியத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அவன் நம்பிவிட்டான். நேரே வேலியோரம் போனான். "நைனாரே, எங்க கொல்லையில யாராச்சும் பூந்ததைப் பாத்தீங்களா?"

கடலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த நைனார் தலையைத் தூக்கவில்லை.

"நான் யாரையும் பாக்கலியே. எனக்கு இன்னா தெரியும்? நேர்ந்தவங்கதான் செலுத்தணும், மத்தவங்க கை வெக்கக் கூடாதுன்னு உங்க ஆளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன்."

"யாரு நேர்ந்ததுன்னே தெரியலியே!"

"அவங்க வர்ற வரைக்கும் மேயட்டும்."

கந்தசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு கத்தியைக் கூரையில் செருகினான். நாத்தனாருக்குக் கருவாட்டுக் குழம்பு. அவள் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உண்ணாமலைக்கு அப்பாடா என்று இருந்தது.

மறுநாள், அம்மனுக்குப் பொங்கல் வைக்க வெல்லம் வாங்கக் கடைக்குப் போனாள். நைனாரின் சம்சாரம் ஜீவரத்தினம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"பாரு உண்ணாமலை, நேத்துலேருந்து இவரு பச்சைத் தண்ணிதான். அஷ்டமியும் இல்ல, சதுர்த்தசியும் இல்ல. கேட்டா, பொய் சொல்லிட்டேன், அதுக்கு நோன்புன்றாரு. இன்னா பொய்யின்னா வாயத் தொறக்க மாட்டேன்றாரு." புலம்பிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

"உன் கோழி இன்னைக்கும் வந்து கடலையைக் கிளறிட்டுப் போச்சு. இதெல்லாம் நல்லா இல்ல, சொல்லிட்டேன்!" என்று எரிந்து விழுந்தபடியே நைனார் வெல்லத்தைக் காகிதத்தில் மடித்தார். நூலைச் சுற்றினார். இரட்டைச் சுருக்குப் போட்டு இழுத்தார்.

உண்ணாமலை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலயா மத்தியானமா என்று அன்றைக்கு அவர் கேட்டது இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது.

"எத்தினி நாளு நோன்பு நைனாரே?" அவள் மெல்லக் கேட்டாள்.

அவர் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு நாளு. உங்க அம்மன்கிட்ட சொன்ன பொய்க்கு ஒண்ணு. உன் வூட்டுக்காரர்கிட்ட சொன்ன பொய்க்கு ஒண்ணு."