தக்காளி டாக்டர்

"உங்க வீட்டுத் தக்காளி மட்டும் எப்படிக்கா அழுகவே மாட்டேங்குது?"

பக்கத்து வீட்டு நர்ஸ் கேட்ட இந்த ஒரு கேள்விதான் அவளைத் தக்காளி டாக்டர் ஆக்கியது. அதுவரை மாடிப்படியில் எதிர்ப்பட்டால்கூட யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"ஃபிரிட்ஜ்ல வைக்காத. காம்புப் பக்கம் கீழே இருக்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. வாழைப்பழம் கிட்டவே வரக் கூடாது."

நர்ஸ் அப்படியே செய்தாள். அவள் வீட்டுத் தக்காளி மட்டும் குழைந்துகொண்டே இருந்தது.

"எல்லாத்துக்கும் கைராசி வேணும்மா" என்று உதட்டைப் பிதுக்கினாள் டாக்டர்.

இன்று மாலை குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும் அவள் கூடையைப் பார்க்க வருகிறார்கள். தன்னைத் தேடி நாலு பேர் வருவது அவளுக்கு இதுதான் முதல் முறை. துடைத்த தரையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தபோது கவனித்தாள். ஆணியில் நர்ஸ் வீட்டுச் சாவி இல்லை.

வேலைக்குப் போகும்போது நர்ஸ் கொடுத்துவிட்டுப் போகும் சாவி. "பீரோவுல நகை இருக்குக்கா, பத்திரம்" என்று சொல்லாமல் கொடுக்க மாட்டாள்.

கணவரையும் காணோம். கடிகாரம் பழுது பார்ப்பவர். எந்தப் பீரோப் பூட்டும் அவர் கைக்குப் பொம்மை.

எட்டிப் பார்த்தாள். நர்ஸ் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு!

ஓடிப்போய் முதல் வேலையாகச் செருப்பை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சமையலறையில் அவர் பையும் கையுமாகக் குந்தியிருந்தார்.

"ஐயோ, மானமே போச்சே! நகைக்காக இப்படி ஒரு வேலையா?"

"நகையா? கத்தாதடி. நம்ம கூடை காலையிலயே நசநசன்னு ஆயிடுச்சு. அதை இங்க வச்சிட்டு, இவங்களோட நல்லதை எடுத்துக்கிறேன்."

"எத்தனை நாளா இது?"

"நீ டாக்டராவுறதுக்கு முந்தியே. அழுகினா, பார்த்து வாங்கத் தெரியாதான்னு என்னைத்தானே திட்டுவ?"

நர்ஸின் கூடையில் கணவர் விட்டுவைத்த நல்ல பழங்கள் இரண்டு மிச்சமிருந்தன. வெளியே பெண்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அந்த இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, தக்காளி டாக்டர் வெளியேறினாள்.