கோதண்டபாணி சாரின் பிரம்பு

ஆம்பூரில் நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியின் நூறாண்டு வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப் போனவன், வரலாற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியில் கிடந்த, பழைய ஹெட்மாஸ்டர் கோதண்டபாணியின் பிரம்பு இரண்டாக உடைந்தது. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். என் தரம் அவ்வளவுதான்.

அவர் செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுப் பிரம்பு எவன் வாங்கி வருகிறானோ, அவன் கையில்தான் முதல் அடி போட்டுப் பார்ப்பார். அந்தப் பயத்தில் நான் கடைப் பக்கமே போனதில்லை.

இப்போது வாணியம்பாடியில் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவிப் பழசாக்கினேன். கண்காட்சிக் கமிட்டிக்காரர்களின் கிண்டலுக்குப் பயந்து, அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் என் மகள் தர்ஷினியிடம் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் அவள் உள்ளங்கை பிளந்து எலும்பு தெரிந்தது. தையல் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

"இங்க பிரம்பைத் தொட்டாலே சஸ்பெண்ட் சார். யாரும் அடிக்கல," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் சுந்தரி.

"கதவுல நசுங்கியிருக்கும்டா. பேஜார் பண்ணாத," என்றான் கமிட்டித் தலைவன், என் தோஸ்த் பிரேம்நாத்.

கோதண்டபாணி சாரின் போட்டோவுக்குக் கீழே, பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பிரம்பின் நுனி சிவப்பாக, ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாரும்மா அடிச்சது? அப்பாகிட்ட சொல்லு."

"போட்டோல இருக்கற கோதண்டபாணி சார்தான்ப்பா. யார் வாங்குனதுன்னு கேட்டாரு, நீன்னு சொன்னேன். நாளைக்கு உன்னை இட்டுனு வரணுமாம். இல்லன்னா இந்தக் கையையும் நீட்டணுமாம்."