மருமகளை அழவைக்கும் கிழங்கு

முண்டும் முடிச்சுமாக இருந்த உருளைக்கிழங்கை ஊர்ப் பெரியவள் சிபிரியானா யுலிசாவிடம் நீட்டினாள். அந்த ஆண்டிஸ் மலையூரில் அதற்கு ‘மருமகளை அழவைப்பது’ என்றே பெயர்.

“தோல் மட்டும்தான் வரணும்டி. முன்னாடி வந்த ரெண்டு பொண்ணுங்க பாதிக் கிழங்கைச் சீவித் தள்ளிட்டாளுங்க. அடுத்த பஸ்ஸிலேயே ஏத்தி விட்டுட்டோம்.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். யுலிசா கத்தியை எடுத்தாள். ஏற்கெனவே மூன்று ஊர்களில் அவளை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகச் சுற்றிச் சீவினாள்.

சிபிரியானா ஒரு தோலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதன் வழியே எதிர்மலை மங்கலாகத் தெரிந்தது.

“எங்களுக்குச் சம்மதம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறந்துடுங்க, டீச்சர். முதல் பாடம் நம்ம கிழங்கு நடுறது.”

யுலிசா சிரித்துக்கொண்டே கத்தியைக் கீழே வைத்தாள். “என் சர்டிபிகேட்டைப் பாக்கவே இல்லையே, அத்தை?”

“அதான் பாத்துட்டோமே” என்று சிபிரியானா அந்தத் தோலை ஆட்டிக் காட்டினாள்.