பார்ட்டிஷனைச் சுருக்கிய தம்பி

ஆவூர் வீட்டின் முன்னறையில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. லேப்டாப்பின் கறுத்த திரையில், எதுவும் திறக்க முடியாதபோது வரும் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கிறது. தான் அதில் போட்டிருந்த லினக்ஸுக்கு இடம் போதவில்லையென்று லியோன் காலையில் டிஸ்க்கில் விண்டோஸுக்கு ஒதுக்கிய பகுதியை, அதன் பார்ட்டிஷனைச் சுருக்கினான்; அதன்பிறகு இரண்டுமே திறக்கவில்லை. அக்கா ஷெரினின் ஆய்வேடு முழுதும் அந்த விண்டோஸுக்குள்தான் இருக்கிறது. “நாளைக்கு என்னத்தடா கொண்டுபோயிக் குடுப்பேன்? யாரக் கேட்டுக் கைய வச்ச?” அவள் வீசிய சில்வர் செம்பு அவன் நெற்றியைக் கிழித்துச் சுவரில் மோதி உருள்கிறது. புருவம் வழியே இறங்கும் ரத்தம் கீபோர்டில் சொட்டுகிறது. அதைத் துடைக்காமல், ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் தேடி, லினக்ஸ் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டளைகளைத் தட்டுகிறான். எண்டர் விசையை முஷ்டியால் குத்துகிறான். லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் மெனு வருகிறது. விண்டோஸ் திறந்து, ஆய்வேட்டின் முதல் பக்கம் வெள்ளையாக விரிகிறது. ஷெரின் துப்பட்டா முனையைச் சுருட்டி அவன் நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். “காட்டு தம்பி, ஆழமா பட்டிருச்சாடா?” அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான். “ஒன் பைலு இருக்குல்ல? அங்கிட்டுப் போயிரு. அக்கான்னு பாக்க மாட்டேன்.” அவள் போகவில்லை. அவனும் கையை விடவில்லை.