அவளுடைய டம்ளர்

கைபேசி அடித்ததும் அவன் பால்கனிக்குப் போனான்.

அவள் டம்ளர்களை மாற்றி வைத்தாள்.

இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர். ஒரே நுரை. ஒரே டிக்காஷன் என்றுதான் அவன் சொல்வான். ஜன்னல் பக்கம் வைப்பது எப்போதும் அவளுக்கு. சுவர்ப் பக்கம் அவனுக்கு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் முதுகு தெரிந்தது. அம்மாவிடம் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வான்.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாடைக்குக் கீழே புதிதாக ஒன்று. தொட்டால் வலித்தது.

கல்லூரிக் காலத்தில்கூடத் தாரணிக்குப் பரு வந்ததில்லை. இப்போது முப்பதை நெருங்கும்போது வந்திருக்கிறது. நெற்றியில், நெஞ்சில், தோள்பட்டைகளுக்கு நடுவில். ரவிக்கை உரசினாலே எரிகிறது.

காபிதான் காரணம் என்றாள் அவள் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி. பாலை நிறுத்து என்றாள் இன்னொருத்தி.

தோல் டாக்டரம்மா விளக்கை அருகில் இழுத்து முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"காபியாலதான் பரு வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. சிலருக்குப் பாலும் சர்க்கரையும் ஒத்துக்காது, அவ்வளவுதான். ஆனா இது வேற மாதிரி இருக்குது. எல்லாம் ஒரே அளவு. மருந்து, பொடின்னு ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்களே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

அன்று இரவே கணவன் யுவராஜிடம் சொன்னாள். கொஞ்ச நாளைக்குக் காபி வேண்டாம் என்று.

அவன் சிரித்தான். "காபி குடிச்சாப் பரு வருமா? நானுந்தான் குடிக்கறேன். எனக்கு வந்துச்சா?"

மறுநாள் காலையில் சுக்குக் காபி போட்டு வைத்திருந்தான். அவளுக்காகவே சீக்கிரம் எழுந்து போட்டதாம். குடித்தாள். சுக்கின் காரத்துக்கு அடியில் அதே கசப்பு இருந்தது.

சிக்கரி கூடிவிட்டது என்று எத்தனையோ தடவை அவன் சொன்ன கசப்பு.

சுக்கில் ஏது சிக்கரி?

பிறகு கம்பெனி அவளை இரண்டு மாதப் பயிற்சிக்காகப் புனேவுக்கு அனுப்பியது. அங்கே வேளைக்கு ஒரு காபி. பால் காபி, மெஷின் காபி, ஸ்டேஷனில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு காபி. கூச்சமே இல்லாமல் குடித்தாள். ஊர் திரும்பும்போது முதுகு வழவழவென்று இருந்தது.

கோவை வந்து இறங்கிய பத்தே நாளில் மறுபடியும்.

அதற்கப்புறந்தான் பொங்கலை நினைத்தாள்.

பொங்கலுக்குக் கோபியிலிருந்து மாமியார் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வைத்தியர் ஒருவர் கொடுத்த பொடி. தினம் காலையில் பாலில் கலந்து குடித்தால் குழந்தை தங்கும் என்றார்.

தாரணி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவழும் கண்ணன் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்துகூட இல்லை.

"இது எனக்கு வேண்டாங்க அத்தை. நாங்க ஆஸ்பத்திரியில பாத்துட்டுத்தானே இருக்கறோம்."

மாமியார் முகம் கறுத்தது. யுவராஜ்தான் பேசினான்.

"அவளுக்கு வேண்டாம்னா உட்ருங்கம்மா."

பொட்டலம் பைக்குள் திரும்பிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அன்று அவனை அவளுக்கு எவ்வளவு பிடித்தது.

அதற்கடுத்த வாரம் அவன் காபி போடக் கற்றுக்கொண்டான்.

கம்பெனியில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். புருஷன் காலையில் காபி போட்டுக் கையில் கொடுக்கிறானாம். அவளும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில் சமையலறையைக் குடைந்து பார்த்தாள். அரிசி டின், பருப்பு டப்பா, மேல் பரண். ஒன்றுமில்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என்ன பெண் நான் என்று தோன்றியது. காபி போட்டுக் கொடுத்தவனைத் திருடனைப் போலத் தேடுகிறேனே.

அப்படியும் சந்தேகம் போகவில்லை.

கண்ணாடிக் கதவு நகர்ந்தது.

அவன் உள்ளே வந்தான். அம்மாவிடம் பேசிய சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. சுவர்ப் பக்கமிருந்த டம்ளரை எடுத்து வழக்கம்போல அண்ணாந்து ஊற்றினான்.

நிறுத்தினான்.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

சர்க்கரை அரைக் கரண்டி குறைந்தால் ஹோட்டல்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவன்.

டம்ளருக்குள் பார்த்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

கேள், என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஏன் கசக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அவன் கேட்கவில்லை.

அவள்தான் கேட்டாள்.

"காபி எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தான். அடி மண்டிகூட விடவில்லை.

அவள் ஜன்னல் பக்கமிருந்த டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள்.

மணமாக இருந்தது. துளிக் கசப்பில்லை.

அவளால் ஒரு மிடறுக்கு மேல் விழுங்க முடியவில்லை.