சீட்டில் வந்த ஆள்

"சீட்டுல வந்த ஆளாவே மாறிப் பேசணும்ப்பா. இல்லாட்டி ஆட்டத்துல ருசியே இருக்காது" என்றான் சவரிமுத்து. ஈஸ்டர் நாடகத்தில் வருஷா வருஷம் வேஷம் கட்டுகிறவன். தோல் கிடங்கில் மதியச் சோறு முடிந்ததும் நடக்கும் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் ஆட்டத்துக்கு அவன்தான் வாத்தியார்.

சவரிமுத்து, பொம்மையன், சாகுல் ஹமீது, மைதீன் பிச்சை என நான்கு பேரும் சீட்டெடுத்தார்கள். போலீஸ் சவரிமுத்துவுக்கே வந்தது. பொம்மையன் தன் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான். ஆட வரமாட்டேன் என்றவனைச் சாகுல் ஹமீதுதான் இழுத்து உட்கார வைத்திருந்தான்.

சவரிமுத்து மீசையை முறுக்கி மேஜையில் ஓங்கி அறைந்தான். "ஏலே பொம்மையா! நீதான திருடன்? மரியாதையாச் சொல்லிரு, எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

சீட்டை இறுக்கிய கையோடு பொம்மையன் எழுந்து கும்பிட்டான்.

"அடிச்சுப்புடாதீங்கய்யா! மொதலாளி தொழுகைக்குக் கை கால் கழுவக் கழட்டி வச்ச வாட்சு... உப்பு மூட்டைக்கு அடியில இருக்குய்யா!"

"அடேயப்பா, என்னா நடிப்பு!" சாகுல் ஹமீது தன் ராஜா சீட்டை வீசிவிட்டுக் கைதட்டினான்.

மைதீன் பிச்சை கைதட்டவில்லை. தன் சீட்டை மெதுவாக விரித்து மேஜையில் வைத்தான்.

"திருடன் எங்கிட்டத்தான இருக்கான்?"

பொம்மையனின் கையிலிருந்து, வியர்வையில் நனைந்துபோன மந்திரி கீழே விழுந்தார்.