தலைபோகிற வேலை

"அவசரப் பயணமா சார்?" என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"தலைபோற வேலை. நேர்ல போனாத்தான் ஆகும்" என்றார் மருந்துக் கம்பெனி மேனேஜர். மனைவியிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். "நீங்க?"

"நானும்தான். நான் இல்லாட்டி அங்க ஒரு துரும்பு அசையாது."

இறங்கியதும் மேனேஜர் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டார். கூட்டம் கலைந்திருக்கும் என்று தோன்றிய பிறகு, அதே விமானத்தில் ஊர் திரும்ப நைசாக நழுவினார். அந்த ஊரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. வருஷம் முடிவதற்குள் இந்தப் பயணமும் கணக்கில் ஏறாவிட்டால், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி தரும் தங்க அட்டை பறிபோய்விடும். காத்திருக்காமல் முதலில் ஏறும் மரியாதையும் கூடவே போய்விடும்.

புறப்பாட்டு வாசலில் தங்க அட்டை வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. கடைசி ஆளாகப் பக்கத்து இருக்கைக்காரர். அவருக்கு முன்னால், கூட வந்த மொத்த விமானமும்.

"என்ன சார், வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார் மேனேஜர்.

"சுருக்கா முடிச்சுட்டாங்க" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "உங்களுக்கு?"

"எனக்கும்."

"சாதா வரிசை காலியாத்தான் இருக்கு! இப்படி வந்தா உடனே ஏறிடலாம்!" என்று கூவினாள் வாசலில் நின்ற பணிப்பெண்.

கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோல, வரிசை மொத்தமும் அவளைத் திரும்பி முறைத்தது.